குதிரைத் தலைக் காலண்டர்

விரலில் ஊசி குத்தி எண்ணைச் சொன்னார் மிஸ்ஸி ரொஹாயு.
பிறகு என் கைபேசியை வாங்கி
பச்சை ஆப்பிள் படம் போட்ட செயலி ஒன்றை
இறக்கிக் கொடுத்தார்.
சாப்பிடுவதையெல்லாம் இதில் எழுதுங்கள், அக்கா.

எழுதினேன்.
ரொட்டி சானாய் எத்தனை கிராம் என்றது.
குழம்பு தொட்டதா, குழம்பில் மிதந்ததா
என்று கேட்கத் தெரியவில்லை அதற்கு.
காலை உணவு என்ன என்றது.
ராத்திரி ஏழுக்கு வேலைக்கு ஏறி
விடிந்து ஏழுக்குக் கம்பெனி பஸ் கண்ணாடியில்
தலை சாய்க்கிறவளுக்கு எது காலை?
பாயான் லெப்பாஸில் வெயில் விழும்போதுதான்
எனக்கு ராச்சாப்பாடு.
மூன்றாம் நாள் நடுத்தூக்கத்தில்
நீங்கள் இன்னும் பசியாறவில்லை என்று
மணி அடித்து எழுப்பியது.
அழித்துவிட்டேன்.

லோஷினி ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்தாள்.
அவளே கோடு கிழித்துக் கட்டம் போட்டாள்:
உணவு, தண்ணீர், நடை, தூக்கம், மாத்திரை, மனநிலை.
மனநிலைக்கு ஒட்டச்
சிரிக்கும் மூஞ்சிகள் ஒரு தாள் நிறைய.
பாவம், பிள்ளை.
நாலு பக்கம் நிரப்பினேன், அதில் இரண்டு பக்கம் பொய்.
பொய் எழுதத்தான் நேரம் பிடிக்கிறது.

கம்பெனியில்
இரண்டு மணிக்கு ஒருமுறை மெஷினின் சூட்டை எழுதுகிறேன்.
அழுத்தம், ஈரப்பதம், யார் திறந்தது, எதற்குத் திறந்தது.
பதினேழு வருஷம்; ஒரு தடவை விட்டதில்லை.
ரிஜெக்ட் ஆகும் சில்லுக்கு மட்டும் ஒரே ஒரு கோடு.
நாலு நின்றால் ஐந்தாவது குறுக்கே படுக்கும்.
கிராம் இல்லை, காரணம் இல்லை,
மூஞ்சி இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து
அடுப்படிச் சுவரைப் பார்த்தேன்.
ஆ கியோங் மளிகைக் கடைக் காலண்டர்.
பந்தய நாளுக்குக் குதிரைத் தலை,
பள்ளி விடுமுறைக்கு மஞ்சள்,
யார் யாருக்கோ எது எதுவோ விசேஷம்.
அத்தனைக்கும் அடியில், ஒவ்வொரு தேதிக்கும்
நகக்கண் அளவு வெள்ளை.
போதும்.

இனிப்பு உள்ளே போனால் கோடு.
நடந்தால் புள்ளி.
நாள் என்பது நான் எழுந்தது முதல் படுக்கும் வரை;
நடுவில் தேதி மாறினால் அது அரசாங்கத்தின் பாடு.
பென்சிலை நூலில் கட்டி ஆணியில் மாட்டினேன்.
செருப்பைக் கழற்றியதும் முதல் வேலை அதுதான்.

முதல் வாரம் குதிரையின் தாடை வரை கோடு ஏறியது.
மூன்றாம் வாரம்
மீன் கழுவிய கையோடு தள்ளி நின்று பார்த்தேன்.
விடுப்பு நாட்கள் வெள்ளையாய்க் கிடந்தன.
வேலை நாட்களில் மட்டும் முள்வேலி.
நாலு மணி ஓய்வு.
கேண்டீன் தே தாரிக், கிரீம் பிஸ்கட் இரண்டு,
சுனிதா தமாங் நீட்டும் ஒரு பிடி மிட்டாய்.
பதினேழு வருஷமாய் நான்
தூக்கத்தைப் பசி என்று கூப்பிட்டு
சோறு போட்டிருக்கிறேன்.

இப்போது நாலு மணிக்கு லாக்கர் அறை பெஞ்சில்
பத்து நிமிஷம் கண் மூடுகிறேன்.
சுனிதா எழுப்புகிறாள்.
சில நாள் மிட்டாயோடு.
வாங்கிக்கொள்கிறேன், கோடும் போடுகிறேன்.

தீபாவளி வாரம் கட்டங்கள் கறுத்துப் போயின.
முறுக்கு இனிப்பில் சேருமா என்று
எனக்குள்ளேயே சட்டம் பேசினேன்.
அதிரசத்திடம் எந்தச் சட்டமும் பேச முடியவில்லை.

போன வியாழன்
மூன்று மாதத் தாளையும் கிழித்துச் சுருட்டி
கிளினிக் மேசையில் விரித்தேன்.
மிஸ்ஸி ரொஹாயு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
கோட்டைப் பார்த்தார், புள்ளியைப் பார்த்தார்.
எந்தக் குதிரை ஜெயித்தது, அக்கா? என்றார்.

தெரியாது.
ரத்தம் இப்போதுதான் உள்ளே போயிருக்கிறது.

பஸ் நிறுத்தத்தைத் தாண்டி
அடுத்த நிறுத்தம் வரை நடந்தேன்.
ஒரு புள்ளி. பென்சில் வீட்டில்.
மறக்காமல் இருக்க
ஒரு விரலை மடக்கிப் பிடித்தபடியே
பஸ்ஸில் ஏறினேன்,
மற்ற நாலு விரலால் சில்லறை எண்ணி.